மலசலகூட வாசலில் பிறந்த மூன்றாம் பந்தி

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நியமனக் கடிதத்தோடு உங்களுக்கு ஒரு தடித்த கோப்பும் தந்திருப்பார்கள். அதற்குள் முழுக்கச் சுற்றுநிருபங்கள். எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். நான் முப்பத்தொரு வருடம் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்தேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்வளவில் இருந்த சிறுவர் கிளினிக்கில். அந்தக் கோப்பை நான் முழுதாக வாசித்ததில்லை. வாசித்து முடித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் ஒரு சுற்றுநிருபத்தின் மூன்றாம் பந்தி மட்டும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஓட்டிசமுள்ள பிள்ளை முதன்முதலில் எந்த ஊரில் எந்தத் திகதியில் பதியப்பட்டதோ, அதுவே நாடு முழுவதும் அந்தப் பிள்ளையின் வரிசைத் திகதி என்று அது சொல்கிறது. அது கொழும்பில் ஒரு மகாநாட்டு மண்டபத்தில் பிறந்ததாகப் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சுத்தப் பொய். அது எங்கள் மலசலகூட வாசலில் பிறந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் கெட்டிக்காரி இல்லை. பிழை விட்டவள் நான், மேளம் பிடித்தவள் நான், கடைசியில் விளக்கக் கடிதம் எழுதியவளும் நான். கெட்டிக்காரி வேறொருத்தி. அவளுக்கு அப்போது ஏழு வயது.

அவள் பெயர் சதுனி. தகப்பன் ஆமியில் கோப்ரல். தாய் நிலந்தி. தெற்கில் ஒரு ஊர்க்காரர். தகப்பனுக்கு எங்கள் பக்கத்து முகாமுக்கு இடமாற்றம் வந்து, மனைவியும் பிள்ளையும் கூடவே வந்திருந்தார்கள். நிலந்தி முதல் நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது கையில் மூன்று கிளினிக் கொப்பிகள் இருந்தன. மூன்றையும் சேர்த்து ஒரு றப்பர் பாண்ட் போட்டிருந்தாள்.

என்னுடைய சிங்களம் சம்பள உயர்வுப் பரீட்சைக்குப் படித்த சிங்களம். "தங்கள் கடிதத்தின் பிரகாரம்" என்று சொல்ல வரும், "பிள்ளை சாப்பிட்டாளா" என்று கேட்க வராது. நிலந்தியின் தமிழ் சந்தையில் பொறுக்கிய தமிழ். விலை குறைக்கச் சொல்ல வரும், மற்றது வராது. இரண்டையும் வைத்துக்கொண்டு அரைமணித்தியாலம் மல்லுக்கட்டி நான் விளங்கிக்கொண்டது இதுதான். சதுனிக்கு ஓட்டிசம், பேச்சு வரவில்லை. பேச்சுச் சிகிச்சை வேண்டும். சொந்த ஊரில் பதிந்தபோது வரிசையில் பதினோராம் ஆள். அந்தப் பதினொன்று வருவதற்குள் தகப்பனைக் கிழக்குப் பக்கம் மாற்றினார்கள். அங்கே போனால் புது ஊர், புதுக் கொப்பி, வரிசையில் கடைசி. அது நகர்ந்து நகர்ந்து முன்னுக்கு வரும் நேரம் இங்கே மாற்றினார்கள். பிள்ளை நாலு வருடமாக வரிசையில் நிற்கிறாள். ஒரு நாள்கூடச் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வயது போகப்போகச் சிகிச்சை பிடிப்பது கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நிலந்திக்கும் தெரியும். அவள் அழவில்லை, கொப்பிகளை ஒவ்வொன்றாக என் மேசையில் அடுக்கினாள்.

நான் என்ன செய்தேன்? எனக்கு ஒரு பழக்கம். சங்கடமான விஷயம் சொல்ல முதல் தொண்டையைச் செருமுவேன். செருமினேன். "அம்மா, நான் என்ன செய்ய? விதியெண்டால் விதிதான். கடைசிக்குப் போங்கோ" என்று சொல்லி, அறுபத்து மூன்று என்று எழுதிய நம்பர் துண்டைக் கொடுத்தேன். தமிழில்தான் சொன்னேன். கையைக் கதவுப் பக்கம் காட்டியதில் நிலந்திக்கு விளங்கிவிட்டது.

சதுனி அந்தத் துண்டை என் கையில் இருந்து பறித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தாள். பைக்குள் ஏற்கனவே நிறையத் துண்டுகள். நாலு வருடமாகப் போன கிளினிக்குகளின் எல்லா நம்பர்களும் அதற்குள் இருந்தன. மற்றப் பிள்ளைகள் விளையாட்டுக் கார் சேர்ப்பார்கள், இவள் நம்பர் சேர்த்தாள். என் முகத்தையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அது எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது எங்கள் கிளினிக்குக்கு உரும்பிராயில் இருந்து ஒரு டொக்டர் வந்துகொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது இளமை. மோட்டார் சைக்கிளில் வருவார், ஹெல்மெற்றைக் கழற்ற மறந்து நோயாளி பார்ப்பார். அவர் சதுனியின் மூன்று கொப்பிகளையும் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, இந்தப் பிள்ளை எங்கடை வரிசையிலை எத்தினையாம் ஆள்?"

"அறுபத்து மூண்டு டொக்டர்."

"காத்திருந்த காலத்தை எண்ணினால்?"

நான் பதிவேட்டைப் புரட்டினேன். எண்ணினால் அவள்தான் முதலாவது என்று அப்போது நினைத்தேன். டொக்டர் ஹெல்மெற்றோடேயே போய்விட்டார். விதியைச் சொன்னதற்காக ஒருவரும் என்னை ஏசவில்லை, அதுதான் வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமையே மனு எழுதத் தொடங்கினேன். படையினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் முன்னுரிமை வேண்டும் என்று பத்தொன்பது பக்கம். முன்னுரை, வரலாறு, மேற்கோள், பின்னிணைப்பு எல்லாம் இருந்தன. சுகாதார அமைச்சுக்கு அனுப்பினேன். படையினர் விஷயம், பாதுகாப்புக்கு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. பாதுகாப்புக்கு அனுப்பினேன். நோய் சம்பந்தமானது, சுகாதாரத்துக்கு அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சமூக சேவைக்கு அனுப்பினார்கள். சமூக சேவையில் அதை மாகாணத்துக்கு இறக்கி, மாகாணத்தில் மாவட்டத்துக்கு இறக்கி, ஏழு மாதம் கழித்து ஒரு மண்ணிறக் கடிதவுறை என் மேசைக்கு வந்தது. திறந்தால் என்னுடைய பத்தொன்பது பக்கம். மேலே சிவப்பு மையில், "உங்கள் அபிப்பிராயத்துக்காக."

வேலைப் பளுவில் கையெழுத்தைக் கவனிக்காமல், "தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கவனம் செலுத்தப்படும்" என்று எனக்கே பதில் எழுதி முத்திரையும் குத்திவிட்டேன். தபால் பையில் போட முதல் டொக்டர் கண்டுவிட்டார். அவர் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்தின.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அக்கா, பத்தொன்பது பக்கத்தையும் விடுங்கோ. எந்தக் கடதாசியிலை எந்த வசனம் மாறவேணும்? அந்த ஒரு வசனத்தை மட்டும் எழுதுங்கோ."

பிள்ளைகளே, முப்பத்தொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். ஹெல்மெற் போட்ட ஒருவர் தந்தது. அநியாயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், படிப்பவருக்கும் மனம் இளகும், ஆனால் இளகின மனதோடு அவர் என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார். எனவே ஒரு வசனம் எழுதினேன். "படையினரின் பிள்ளைகள் இடம் மாறி வரும்போது முதன்முதலில் பதிந்த திகதியையே வரிசைத் திகதியாகப் பேண வேண்டும்."

அந்த வசனத்தையும் பிழையாகத்தான் எழுதியிருந்தேன். அதைச் சொன்னவர் றோசலின்.

குருநகரில் இருந்து வரும் தாய் அவர். புருஷன் கடற்றொழில். மகனுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் ஓட்டிசம், அவனும் எங்கள் வரிசையில்தான் நின்றான். பெற்றார் கூட்டத்தில் நான் பெருமையாக என் வசனத்தை வாசித்துக் காட்டினேன். றோசலின் எழும்பினார்.

"மிஸ், எங்கடை பிள்ளையள் மழை வெயில் பாராமல் வரிசையிலை நிக்க, உவை நேற்று வந்து முன்னுக்கு நிக்கிறதோ? அதுவும் ஆமிக்காரற்ரை பிள்ளை எண்டு. நல்ல நியாயம் இது!"

கூட்டம் கொதித்தது. பின் வரிசை வாங்கில் இருந்த நிலந்திக்குச் சொல் விளங்கவில்லை, தொனி விளங்கியது. சதுனியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஏற்கனவே அரியாலையில் என் அயலட்டைச் சனமும் என்னை விட்டுவைக்கவில்லை. "உங்கடை காணியை முகாமுக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள், நீ அவங்களுக்கு வக்காலத்து வாங்குறாய்" என்று சொந்தத் தங்கையே கேட்டாள். அது உண்மை. வலிகாமம் வடக்கில் எங்கள் காணி இன்னும் முகாம் வேலிக்குள்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஏழு வயதுப் பிள்ளையா வேலி போட்டது?

கூட்டத்துக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கலாம், சொல்ல நாக்கும் துடித்தது. சொல்லியிருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும், கிளினிக்கும் பிரிந்திருக்கும். நான் றோசலினிடம் வேறொன்று கேட்டேன்.

"றோசலின், உங்கடை மகன் பதிஞ்சு எவ்வளவு காலம்?"

"அஞ்சு வருசம்."

"அஞ்சு வருசமா? பிறகேன் இன்னும் வரிசையிலை நிக்கிறான்?"

றோசலின் சேலைத் தலைப்பைத் திருகினார். "சீசனுக்கு மன்னார்க் கரையிலை வாடியடிச்சு, ஓலைக் கொட்டிலிலை நிண்டு மீன்பிடிப்பம், மிஸ். அவரையும் தம்பிமாரையும் சமைச்சுப் பாக்க நானும் போகவேணும். இவனை ஆரிட்டை விடுறது? கூட்டிக்கொண்டு போவன். திரும்பி வந்தால் மூண்டு தரம் வரேல்லை, பேர் வெட்டியாச்சு, கடைசிக்குப் போங்கோ எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்."

நான்தான் சொல்லுவேன். செருமிவிட்டுத்தான் சொல்லுவேன்.

பிறகு றோசலினே மெல்லத் திரும்பி நிலந்தியின் கையில் இருந்த மூன்று கொப்பிகளைப் பார்த்தார். தன்னுடைய பையைத் திறந்து தன்னுடைய கொப்பிகளை எடுத்தார். நாலு இருந்தன. "அப்ப எனக்குத்தானே கூட" என்றார். அந்த நிலைமையிலும் வென்றவர் போலச் சொன்னார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வசனத்தில் இருந்த "படையினரின்" என்ற சொல்லை வெட்டினேன். ஆமிக்காரர் பிள்ளையும், பொலிஸ்காரர் பிள்ளையும், வாடிக்குப் போய்வரும் பிள்ளையும், ஆசிரியர் பிள்ளையும் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஒரு சொல்லை வெட்டியதில் எனக்கு எதிராக நின்ற முப்பது பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்து றோசலின்.

இடையில் மாம்பழக் கதை ஒன்று இருக்கிறது. வேலைக்கு அவ்வளவு சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மனு போட்டதற்கு நன்றி சொல்ல சதுனியின் தகப்பன் சாதாரண உடுப்பில், வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்தார். பொருள் வாங்கக் கூடாது என்பது விதி. நான் வேண்டாம் என்றேன். முகாமுக்குள் நிற்கும் மரம், காசு கொடுத்து வாங்கியதல்ல என்று நிலந்தி சொன்னாள். எனக்கு ஏதோ தட்டியது. "கிணத்துக்குப் பக்கத்திலையோ?" என்று கேட்டேன். ஓம் என்றார்கள். "உடைஞ்ச தொட்டி ஒண்டு கிடக்குதோ?" ஓம்.

என் அப்பா நட்ட மரம். என்னுடைய மாம்பழத்தை எனக்கே இலஞ்சமாகத் தந்த ஒரே ஆள் அந்தக் கோப்ரல்தான். விஷயத்தை நான் சொல்ல, நிலந்தி அவருக்குச் சிங்களத்தில் சொன்னதும் மனுசனின் முகம் செத்துப்போயிற்று. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த கிழமை இரண்டு பையோடு வந்தார். நான் வாங்கினேன், சாப்பிட்டேன், அழுதேன், இன்னொன்றும் வெட்டிச் சாப்பிட்டேன். பொருள் வாங்கக் கூடாது என்ற விதி உங்களுக்கும் உண்டு. உங்கள் மரம் வேலிக்குள் நின்றால் மட்டும் என்னோடு வந்து கதையுங்கள்.

சரி, மேளத்துக்கு வருகிறேன்.

ஒரு வசன மனுவும் முப்பது கையெழுத்தும் எப்படியோ கொழும்பில் ஒரு மேலதிக செயலாளரின் கண்ணில் பட்டுவிட்டன. தானே குழுவோடு வந்து கிளினிக்கைப் பார்ப்பதாக அறிவித்தார். ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார். பெரியவர்கள் வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிறைகுடம், மாலை, பொன்னாடை, விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. நிகழ்ச்சிநிரல் அச்சடித்தோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டே கால் மணித்தியாலம் வந்தது. பிள்ளைகளைப் பார்க்க நேரம் எங்கே என்று டொக்டர் கேட்டார். நன்றியுரைக்குப் பிறகு என்றேன்.

வாசல் பக்கத்து மலசலகூடக் கதவுக்கு முதல்நாள் பின்னேரம் பெயின்ற் அடித்தோம். இணுவிலில் இருந்து மேளம் பிடித்தோம். பிடித்தவள் நான் என்று முதலே ஒப்புக்கொண்டேன். சத்தம் என்றால் காதைப் பொத்தி ஓடும் பிள்ளைகளுக்கான கிளினிக்குக்கு இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம். வருகிறவர் பெரிய ஆள், மேளம் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. பன்னிரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளோடு இருந்த என் மண்டைக்குள்.

வாகனம் வந்தது. தவிலில் முதல் அடி விழுந்தது.

நாற்பது பிள்ளைகள் நாற்பது திசைக்கு ஓடினார்கள். ஒருவன் நிறைகுட மேசைக்குக் கீழே புகுந்தான், மேசை போயிற்று, குடம் போயிற்று. றோசலினின் மகன் மேலதிக செயலாளரின் வாகனத்துக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டான். டொக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தவில்காரருக்கு முன்னால் பாய்ந்தார். தவில்காரர் தன்னை உற்சாகப்படுத்துவதாக நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்.

சதுனி பின்பக்கம் ஓடினாள். கட்டடத்தின் கடைசி மூலையில் உத்தியோகத்தருக்கான பழைய மலசலகூடம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு. முழுக் கிளினிக்கிலும் அமைதியான இடம் அதுதான். அங்கே போய் இருந்து, பையைத் திறந்து, நம்பர் துண்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

மேளம் அடங்கியது. பிள்ளைகளைத் தேடிப் பிடித்தோம். விருந்தினருக்கு இளநீர் கொடுத்தோம். பிறகு தோடம்பழச்சாறு. பிறகு பிளேன்ரீ. மேலதிக செயலாளர் மரியாதையான மனுசன், தந்ததையெல்லாம் குடித்தார். வரவேற்புரை ஏழாவது நிமிடத்தைத் தாண்டியபோது மெல்ல எழும்பி வெளியே போனார். வாசல் பக்கத்துக் கதவை இழுத்தார். பெயின்ற் காய்ந்து கதவு நிலையோடு ஒட்டிப்போய் இருந்தது. பின்பக்கம் நடந்தார்.

அங்கே அவருடைய சாரதி உள்ளே, அவருடைய உதவியாளர் வெளியே வாங்கில். உதவியாளரின் கையில் சதுனி கொடுத்த நம்பர் இரண்டு. சதுனி மேலதிக செயலாளரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்றைக் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டு வாங்கினார். சாரதி உள்ளே நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் மனுசன் எழும்பி முற்றம் கடந்து வார்ட்டுப் பக்கம் போனார். அங்கே பூட்டு. திறப்பு வைத்திருந்தவர் மண்டபத்தில் கை தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது வாங்கில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், நாலும் ஐந்தும் அவர்கள் கையில்.

ஆளைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு நானும் டொக்டரும் அந்த நேரம்தான் போய்ச் சேர்ந்தோம். சதுனி மேலதிக செயலாளரின் கையில் இருந்த மூன்றை எடுத்துப் பைக்குள் போட்டாள். ஆறைக் கொடுத்தாள். நான் முதலே இங்கே நின்றேன், என்னுடையது மூன்று என்று அவர் சிங்களத்தில் கெஞ்சினார்.

சதுனி தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, நான் என்ன செய்ய? விதியெண்டால் விதிதான். கடைசிக்குப் போங்கோ."

அந்தப் பிள்ளை பேசி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பெற்ற தாய் கேட்டதில்லை. பேசினது தமிழ், அதுவும் யாழ்ப்பாணத் தமிழ், அதிலும் என் குரல். செருமல், இழுவை, கையைக் கதவுப் பக்கம் காட்டுவது, எல்லாம் நான். நிலந்தி ஓடிவந்து தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

என்ன சொல்கிறாள் என்று மேலதிக செயலாளர் கேட்டார். டொக்டர் முகம் சிவந்து மொழிபெயர்த்தார். பின்னால் வந்த எங்கள் அலுவலகக்காரர் ஒருவர் என் காதுக்குள், "பிள்ளையைத் தூக்குங்கோ, அவரை உள்ளுக்கை விடுங்கோ, எங்கடை கதை கந்தல்" என்றார். நாலாம், ஐந்தாம் நம்பர்காரர் எழும்பித் துண்டை அவரிடம் நீட்டினார்கள். சதுனி இருவரையும் பிடித்து இருத்தினாள்.

ஒரு நொடிதான் இருந்தது. பிள்ளையைத் தூக்கியிருந்தால் கத்தியிருப்பாள், அவர் உள்ளே போயிருப்பார், எல்லோரும் மன்னிப்புக் கேட்டிருப்போம், அதோடு முடிந்திருக்கும்.

நான் சொன்னேன், என் பரீட்சைச் சிங்களத்தில். "சேர், இந்தப் பிள்ளை பேசியது என்னுடைய வசனம். நான்தான் இவளுக்குச் சொன்னது. இவளும் ஒரு இடத்தில் நின்று, பிறகு இன்னொரு இடத்துக்குப் போனதால் கடைசிக்கு அனுப்பப்பட்டவள்தான். தயவுசெய்து உங்கள் நம்பர் வரும் வரை இருங்கள்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மனுசன் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கையில் இருந்த ஆறைப் பார்த்தார். வாங்கின் கடைசியில் போய் இருந்தார். கால் மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார். நான் என் ஒரு வசனக் கடதாசியை அவர் கையில் கொடுத்தேன். செய்ய வேறு வேலை இல்லாததால் அதை மூன்று நாலு தடவை வாசித்தார். பத்தொன்பது பக்கம் கொடுத்திருந்தால் முதலாம் பக்கத்திலேயே அவருக்கு நம்பர் வந்திருக்கும்.

ஆறு வந்தது. ஓடினார். வெளியே வந்து கை கழுவித் துடைத்து, துண்டைச் சதுனியிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம் கேட்டார், முதல் பதிந்த இடத்தில் இவளுக்கு எத்தனையாம் நம்பர் என்று.

"பதினொன்று சேர்."

"இங்கே பதிந்தபோது?"

"அறுபத்து மூன்று."

அவர் பேனையைக் கேட்டார். என் கடதாசியின் ஓரத்தில் ஏதோ எழுதி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வரவேற்புரை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

மூன்று நாளில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மேலதிக செயலாளர் அவர்களை மலசலகூட வாசலில் காத்திருக்க வைத்தமைக்கான காரணத்தை எழுத்தில் விளக்கும்படி எங்கள் அலுவலகம் கேட்டிருந்தது. டொக்டர் படிப்பித்தது கைகொடுத்தது. "அவருடைய நம்பர் ஆறு" என்று ஒரு வசனத்தில் விளக்கினேன். அந்தக் கோப்பு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

ஐந்து மாதத்தில் சுற்றுநிருபம் வந்தது. மூன்றாம் பந்தி என் வசனம், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அன்றைக்கே வரிசையைத் திகதிப்படி திருப்பி அடுக்கினோம். றோசலினின் மகன் முதலாவது, சதுனி இரண்டாவது. றோசலின் நிலந்தியைப் பார்த்து, "சொன்னன்தானே, எனக்குத்தான் கூட" என்றார்.

நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். செருமலை விட முடியவில்லை, அது தொண்டைக் கோளாறு. வசனத்தை மாற்றினேன். சதுனியின் நாள் வந்தபோது வாசலுக்கு நானே போய், குனிந்து, "அடுத்தது நீங்கள்தான். உள்ளுக்கை வாங்கோ" என்றேன். அதன்பிறகு எந்தப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிட்டேன். சதுனிக்கு நாலு மாதம் சிகிச்சை கிடைத்தது. அதற்குள் தகப்பனுக்கு மறுபடி இடமாற்றம். இம்முறை மலைப்பக்கம். நிலந்தி கொப்பியோடு மூன்றாம் பந்தியின் பிரதியையும் றப்பர் பாண்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நான் ஓய்வுபெற்ற கிழமை அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. புதுக் கிளினிக்கில் மேசையில் இருந்தவர் கடைசிக்குப் போகச் சொன்னாராம். பிரதியை நீட்டினாளாம். அவர் வாசித்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, பெயரை முன்னுக்கு எழுதினாராம். விட்ட இடத்தில் இருந்தே சிகிச்சை நடக்கிறதாம். பிறகு சதுனியின் காதில் தொலைபேசியை வைத்தாள்.

நான் என்னென்னவோ கேட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என்னை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், உண்மையாகவே மனம் நொந்தது. வைக்கப்போகும் நேரம் அங்கே ஒரு செருமல் கேட்டது.

தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். இனி அந்தப் பழைய வசனம்தான் வரும் என்று நினைத்தேன்.

"அடுத்தது நீங்கள்தான். உள்ளுக்கை வாங்கோ."

பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் அந்த மேசையில் இருப்பீர்கள். வாயைத் திறக்க முதல் முன்னால் நிற்கும் பிள்ளையை ஒரு தடவை பாருங்கள். அது உங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்.